ஓர் இரவு வண்டி நிறுத்த இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய கேரவன்களை, அதாவது கார் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளைத் தேடிப்பிடித்துச் சீர்செய்து, அதே காலத்து அடுப்பு, விளக்கு, எனாமல் கெட்டில் சகிதம் வார இறுதிகளில் வெளியூர் சென்று தங்கிவரும் குடும்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் இதெல்லாம் நம் ஊர் வெயிலுக்கும் சாலைக்கும் சம்பளத்துக்கும் ஒத்துவராது என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் தள்ளிவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. கடலூரில் இருந்துகொண்டு நானும் என் கணவரும் சில ஆண்டுகளாகச் செய்துவருவது ஏறக்குறைய இதே காரியம் என்பதால், இதில் நமக்கு ஒத்துவருவது எது, குறுக்கே நிற்பது எது என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்களிடம் இருப்பது எண்பதுகளின் இறுதியில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்த மெட்டடோர் வேன். இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கும் அதே கம்பெனிதான். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், பெண் அழைக்கப் போகும் கல்யாண வேன் என்று ஒரு காலத்தில் எல்லா வேலைக்கும் ஓடிய இந்த வண்டியை இப்போது சாலையில் பார்ப்பது அரிது. முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்த என் கணவர், கடனுக்கு ஈடாக வந்து பட்டறையின் பின்புறம் கிடந்த இதை, தொழிலை மகனிடம் ஒப்படைத்த பிறகு கையில் எடுத்தார். இங்கிலாந்துப் பழைய கேரவன்களுக்கு மரச்சட்டமும் அதன் மேல் அலுமினியத் தகடும் இருக்கும். தகட்டின் இணைப்பு வழியே மழைநீர் கசிந்து உள்ளே மரம் உளுத்துப்போவதுதான் அங்கே சீர்செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி. நமக்குத் தலைவலி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வீசும் காற்றுக்குத் தப்பிய இரும்பு எங்கள் தெருவில் எதுவும் கிடையாது. வேனின் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தால் பாதி துருவாகவே கொட்டியது. அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு பூசி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த பிறகே அது மறுபடி வண்டி என்று சொல்லும்படி ஆனது. கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் அவரே லேத்தில் கடைந்துகொண்டார். இவ்வளவு தெரிந்த ஆள் வீட்டில் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்குவதற்கு முன் நல்ல டிங்கர் ஒருவரைப் பிடித்துவைத்துக்கொள்வது உத்தமம்.

வண்டிக்குள் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொன்னால், ஏதோ சினிமா நடிகர்களின் கேரவன் போல இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். உள்ளே குளிர்சாதனமோ தொலைக்காட்சியோ கிடையாது. பதிவுச் சான்றில் உள்ள இருக்கைகளையும் வண்டியின் உடலையும் தொடாமல், பின்புறச் சாமான் இடத்தில் பொருந்தும்படி மூன்று மரப்பெட்டிகள் செய்துகொண்டோம். ஒன்றில் பாத்திரமும் அடுப்பும், ஒன்றில் படுக்கை, மூன்றாவதில் மளிகையும் தண்ணீர்க் கேனும். இரவில் பெட்டிகளைச் சேர்த்துவைத்து மேலே பலகை போட்டு ஜமுக்காளம் விரித்தால் கட்டில். திங்கட்கிழமை பெட்டிகளை இறக்கிவிட்டால் பட்டறைக்கு இரும்பு ஏற்ற வண்டி தயார். இது எங்கள் மூளையில் உதித்த புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1951ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி, ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்துக்கொள்ளவும் வேண்டாதபோது இறக்கிவிடவும் தோதாக ஒரு பெட்டியைச் செய்து விற்றது என்பதும், வாரநாளில் சரக்கு ஏற்றும் வியாபாரிகள் வார இறுதியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக அதை வாங்கினார்கள் என்பதும் பிற்பாடுதான் தெரியவந்தது. இன்று வெளிநாடுகளில் பெருந்தொகைக்குக் கைமாறும் அந்தப் பழைய வேன்களுக்குத் தொடக்கம் இந்தச் சிக்கனந்தான். ஆகவே சம்பளத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் சரித்திரப்படியும் நிற்காது.

சாமான்களுக்காக நாங்கள் கடைக்குப் போகவே இல்லை. நம் வீட்டுப் பரண்களில் இல்லாத பழஞ்சாமான் எது? ரயிலில் படுக்கை சுருட்டிக்கொண்டு போன ஹோல்டால், மாமியார் வீட்டுப் பித்தளைக் கூஜா, ஈகிள் பிளாஸ்க், நான்கடுக்கு டிபன் கேரியர், நாடா மடக்குக் கட்டில், கேன்வாஸ் சாய்வு நாற்காலி, அரிக்கேன் விளக்கு எல்லாம் தூசி தட்டியதும் வேலைக்கு வந்துவிட்டன. வெளிநாட்டில் இவற்றின் ஜோடிகளை ஏலத்தில் எடுக்கிறார்கள். இங்கே பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போடுகிறோம். இந்தச் சாமான்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெட்ரோமாக்ஸைப் பற்றவைப்பது அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. அடித் தொட்டியில் மண்ணெண்ணெய் முக்கால் அளவுக்கு ஊற்றி மூடியை இறுக்கி, நடுவில் உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்த வேண்டும். அந்தத் தீ குழாயை நன்றாகச் சூடாக்கி அணையும் தறுவாயில் பம்ப் அடித்தால், மேலேறும் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து மேன்டில் என்னும் வலைக்குள் எரியும். குழாய் சூடேறுவதற்கு முன் அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி, சிவப்புத் தீ குபீரென்று கிளம்பும். சரியாக வந்தால் பட்டு வலை போல் தொங்கும் மேன்டில் ஒருமுறை சுருங்கிச் சிணுங்கிவிட்டு, உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளை வெளேரென்று ஒளிவிடும். அந்த வெளிச்சம் தீயினுடையது அல்ல, சூடேறிய தோரியம் ஆக்சைடினுடையது. இந்த மேன்டிலை 1880களில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அதற்குத் தேவையான தோரியத்துக்கு ஐரோப்பா நம் தெற்குக் கடற்கரையையும் நாடியது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் தாது இருப்பதைக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடிவந்து, குமரிக் கரையில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கினார். நம் மணல் ஜெர்மனி போய், விளக்கின் வலையாகி, நம் ஊர் தெருக்கூத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கத் திரும்பிவந்தது என்பதை என் பழைய மாணவிகளிடம் சொல்லாமல் விட்டோமே என்று இப்போது தோன்றுகிறது. தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள் என்பதால் உடைந்த பழைய மேன்டிலின் பொடியை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியில் ஒற்றியெடுத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பழஞ்சாமானின் அழகைச் சொல்லும்போது அதன் ஆபத்தையும் சொல்வதுதான் நியாயம். பெட்ரோமாக்ஸையும் பம்ப் ஸ்டவ்வையும் நாங்கள் ஒருநாளும் வண்டிக்குள் ஏற்றிவைப்பதில்லை. 1892இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் அடுப்பின் வழிவந்த இந்த ஸ்டவ், திரியும் புகையும் இல்லாமல் நீலமாக எரியும் என்பதால் அபாயம் இல்லாதது போலத் தெரியும். ஆனால் மூடிய இடத்தில் எரியும் எந்த அடுப்பும் விளக்கும் ஜெனரேட்டரும் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கலாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்ததும், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இந்த வாயுவே அதற்குக் காரணம் என்று தெரியவந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையிலேயே தேங்கிநிற்கும். ஆகையால் ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு நாங்கள் வாங்கிக்கொண்ட 5 கிலோ சிலிண்டரும் வெளியேதான் இறங்கும். மர நிழலில் அடுப்பை வைத்துச் சமைப்போம். மழை வந்தால் கட்டுச்சோற்றோடு சரி. புளிசாதமும் மோர் மிளகாயும் இருக்க ஜெனரேட்டர் எதற்கு?

இப்படிப் போய்த் தங்குவது வெள்ளைக்காரரிடம் கற்ற பழக்கம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனை கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885இல் கட்டுவித்தார் என்றும், அது குதிரை பூட்டிய வண்டி என்றும் அவர்கள் பெருமையோடு எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்தக் காலத்தில் நம் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வடலூர் தைப்பூசத்துக்கும் சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கும் மாசிமகத் தீர்த்தவாரிக்கும் போனார்கள். அரிசி, பருப்பு, ஊறுகாய், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் வண்டிக்கு அடியில் தொங்கும். தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டிச் சமைத்து, வண்டிக்கடியிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். வழியில் சத்திரமும் கிணறும் சாவடியும் இருந்தன. சத்திரம் என்பது வழிப்போக்கருக்கு ஓரிரவு தங்க இடமும் தண்ணீரும் கொடுக்கும் ஏற்பாடு. அது போய்விட்டதுதான் இன்றைய குறை, வண்டி இல்லாதது குறை அல்ல.

இடத்துக்கா நமக்குப் பஞ்சம்? கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரும் தொலைவில் எத்தனை வகை நிலம் இருக்கிறது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. சோழர் வெட்டிய வீராணம் ஏரியின் நீண்ட கரை, பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு, சாமியார்பேட்டைச் சவுக்குத் தோப்பு, பறவைகள் இறங்கும் ஊசுட்டேரி, பாகூர் ஏரிக்கரையின் நெல்வயல், ரோமானியரோடு வாணிபம் நடந்த அரிக்கமேடு, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டை. எனக்கு இவற்றையெல்லாம் விடத் திருவக்கரை பிடிக்கும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் அந்தப் பூங்காவில், பட்டையும் ஆண்டு வளையமும் தெரிய, நேற்று அறுத்துப் போட்ட கட்டையோ என்று மயங்கும்படி கல்மரங்கள் கிடக்கின்றன. பேருந்தில் வருபவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வக்கிரகாளியம்மனைத் தரிசித்துக் கிளம்பிவிடுகிறார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கற்களின் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் அன்றிரவு அந்தப் பக்கத்தில் எங்காவது தங்கியாக வேண்டும்.

தங்குவது எங்கே என்பதுதான் கேள்வி. இருட்டும் நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினால், ஒன்று ஊரார் வந்து யார் என்ன என்று விசாரிப்பார்கள், அல்லது ரோந்து வாகனம் வந்து நிற்கும். அவர்கள் கேட்பதில் தவறே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் நிற்கும் வேனைச் சந்தேகப்படாவிட்டால்தான் தவறு. வயதான தம்பதி என்று தெரிந்ததும் பெரும்பாலோர் மரியாதையாகப் பேசிவிட்டுப் போவார்கள். ஒருமுறை நள்ளிரவில் கதவைத் தட்டி, இங்கே நிற்கக் கூடாது, எங்கே நிற்கலாம் என்றும் எங்களுக்குத் தெரியாது என்று ஒரு காவலர் சொன்னார். அதைவிட நேர்மையான பதிலை வேறு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆண்கள் இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பெண்களுக்கோ முதல் கவலை கழிப்பறை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எந்தப் பெட்ரோல் பங்கில் சுத்தமாக இருக்கும், எந்தக் கோயிலின் கட்டணக் கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். போகும் வழியில் தண்ணீர் குடிக்கவே பயந்து, சேர்ந்த பிறகு தலைவலியோடு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. என் சிநேகிதிகள் பலர் ஆசையோடு விசாரித்துவிட்டுக் கடைசியில் வராமல் போனதற்கு வேறு காரணமே கிடையாது. இப்போதைக்கு எங்களைக் காப்பாற்றுவது பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும், என் கணவருக்கு வேண்டிய ஒரு விவசாயி. மோட்டார் கொட்டகையும் குழாயும் கழிப்பறையும் அங்கே இருப்பதால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது அங்கே மட்டுந்தான். ஆனால் எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்தவர் இருப்பாரா?

சட்டமும் எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தபோது பழைய வண்டிப் பிரியர்கள் மகிழ்ந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விஏ’ வரிசை எண் கிடைக்கும், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வாகன அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம், வழக்கமான உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. பழைய கேரவன் ஒன்று இந்த வரிசையில் இடம்பிடித்தாலும் வாராவாரம் ஊர்சுற்ற உதவாது என்று பொருள். எங்கள் வேன் 50 ஆண்டைத் தொடவில்லை என்பதால் சாதாரணப் பழைய வண்டியாக, 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிறது. காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது, அதன் பிறகும் கூடியிருக்கிறது. வண்டியின் உடலை நிரந்தரமாக மாற்றிக் கட்ட நினைப்பவர்கள், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை முதலில் படித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றே பட்டறைக்குப் போக வேண்டும். இறக்கி ஏற்றும் மரப்பெட்டியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். புகை கக்கும் வண்டியை ஓரங்கட்டுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழையது என்பதற்காக மட்டும் சலுகை கேட்கவும் நான் வரவில்லை.

கேட்பது இடம் ஒன்றுதான். இதில் அண்டை மாநிலம் நமக்கு முன்னால் போயிருக்கிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிறுத்த வசதியும் இருந்தால் பூங்கா அமைக்கலாம் என்று அங்கே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் கேரளத்திலும் சரி, மற்ற மாநிலங்களின் அறிவிப்புகளிலும் சரி, கேரவன் என்றதும் அதிகாரிகளின் கண்முன் வருவது சோபாவும் குளிர்சாதனமும் உள்ள, ஓட்டுநரோடு வாடகைக்கு விடப்படும் சொகுசு வண்டிதான். அதில் ஓரிரவு தங்க ஆகும் செலவில் என் ஓய்வூதியத்தில் கணிசமான பங்கு போய்விடும். அந்தத் தொழிலை வளர்ப்பது அரசின் விருப்பம். சொந்தப் பழைய வேனிலோ, ஆம்னியிலோ, காரும் கூடாரமுமாகவோ வருகிற சாமானியக் குடும்பத்துக்கு அதனால் பயன் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தங்கள் கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் பழைய கேரவனோடு தைரியமாகக் கிளம்புவதற்குக் காரணம் அவர்களுடைய வண்டியைவிட அவர்களுடைய வயல்கள்தான். 1907இல் தொடங்கப்பட்ட அவர்களது கேரவன் சங்கம், 1960ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த விலக்கைப் பயன்படுத்தி, நாடு முழுவதும் விவசாயிகளின் நிலத்தில் சிறு தங்குமிடங்களுக்குச் சான்று வழங்கிவருகிறது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் ஐந்து கேரவனுக்கு மேல் நிற்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர், கழிவைக் கொட்ட முறையான இடம், குப்பைக்கு ஒரு வழி. பல இடங்களில் வசதி அவ்வளவுதான். விவசாயி தன் பண்ணை வேலையைப் பார்த்துக்கொண்டே வாடகை வாங்கிக்கொள்கிறார். கட்டடமோ வரவேற்பறையோ தேவைப்படவில்லை. ஐந்துதான் என்ற வரம்பு இருப்பதால் ஊருக்கும் தொல்லை இல்லை.

இதே ஏற்பாட்டைக் கடலூர், விழுப்புரம் மாவட்ட நிர்வாகங்களும் புதுச்சேரி அரசும் தங்கள் எல்லைக்குள் செய்து பார்க்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. தோப்போ களமோ வைத்திருக்கும் விவசாயி ஊராட்சியில் சிறு தொகை கட்டிப் பதிவு செய்துகொள்ளட்டும். ஐந்து வண்டி என்ற வரம்பும், பூட்டுள்ள சுத்தமான கழிப்பறை, குழாய், ஒரு விளக்கு, குப்பைத்தொட்டி ஆகியவையும் நிபந்தனையாக இருக்கட்டும். வருகிறவர்களின் வண்டி எண்ணையும் அடையாள அட்டையையும் ஒரு பதிவேட்டில் குறித்துக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், மறுபடி கன்று வைத்து அது காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். விளைச்சல் ஒன்றையே நம்பியிருக்கும் தோப்புக்காரருக்குத் தை முதல் பங்குனி வரையிலான வார இறுதிகளில் நாலு காசு சேருமானால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும். புதுச்சேரியை ஒட்டிய கிராமங்களில் வார இறுதி என்றாலே வெளியூர்க் கார்களும் மது பாட்டில்களும் நினைவுக்கு வருகின்றன. ஏரிக்கரையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியில் காலைக் கிழித்துக்கொள்வது மாடு மேய்க்கும் சிறுவர்கள்தான். ஆகவே மதுவும் ஒலிபெருக்கியும் அறவே கூடாது, மீறினால் பதிவு ரத்து என்ற விதி இல்லாமல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம். பெயர் பதிந்து, ஒருவர் தோப்பில், அவர் குடும்பத்தின் கண்ணெதிரே தங்குபவர் கும்மாளம் போடத் துணிய மாட்டார். கேட்பாரற்ற கடற்கரையில்தான் அந்தத் துணிச்சல் வரும்.

கடற்கரை மணலிலேயே தங்க அனுமதிக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அதை நான் ஆதரிக்கவில்லை. தை, மாசி, பங்குனியில் நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. கடலின் மேல் தெரியும் மங்கலான ஒளியைப் பார்த்துப் போக வேண்டிய குஞ்சு, என் பெட்ரோமாக்ஸைப் பார்த்துச் சாலைப் பக்கம் வந்தால் நாய்க்கோ நண்டுக்கோ இரையாகும். சவுக்குத் தோப்புக்கு இந்தப் புறம், ஊரை ஒட்டி நிறுத்துவதே சரி. ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தங்குமிடங்களை மூடிவிடுவதும் நல்லது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் எங்கெல்லாம் புகுந்தது என்பதை இம்மாவட்டத்தில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் இக்கோரிக்கையை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். வண்டியையும் பெட்டிகளையும் அதிகாரிகள் பார்வையிட விரும்பினால் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கே கொண்டுவர என் கணவர் தயாராக இருக்கிறார். முதலில் வீராணம், திருவக்கரை, பாகூர் ஆகிய மூன்று பக்கங்களில் தலா ஒரு தோப்பைச் சோதனையாகப் பதிவு செய்தால் போதும். இப்படி வண்டி வைத்திருப்பவர்களும், இடம் கொடுக்க விருப்பமுள்ள தோப்புக்காரர்களும் தங்கள் கருத்தை இதே பகுதிக்கு எழுதினால் மனுவோடு அவற்றின் நகலையும் இணைத்துக் கொடுப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.